வெள்ளிக்கிழமை மட்டும் பேசாத கம்ப்யூட்டர்கள்

1

இந்த வாரம் என் வேலை அனுமதியை ஆறாவது முறையாகப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். சிரம்பான் குடிநுழைவு அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கு எண் சீட்டு வாங்கி, பதினொன்றரைக்குத்தான் முகப்புக்குப் போக முடிந்தது. அதிகாரி மலாயில், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்த சொல் 'ரோசாக்'. அதற்குக் கெட்டுப்போனது என்று பொருள். நான் கம்ப்யூட்டரைக் கெடுக்கும் வேலை செய்கிறேன் என்று ஒரு அரசாங்க அதிகாரியிடம் நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கிறேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதற்கு உனக்குச் சம்பளமும் தருகிறார்களா என்று கேட்டார்.

பக்கத்தில் நின்றிருந்த என் மகள் கவிதா புத்தகப் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எட்டு வயது. லோபாக்கில் இருக்கும் எங்கள் வீடு வரும்வரை 'பாய்க்கி, பாய்க்கி' என்று பழுது பார்ப்பதற்கான சரியான சொல்லை எனக்குப் பத்து முறை சொல்லிக்கொடுத்தாள். நான் தமிழில் கேட்டால் அவள் மலாயில் பதில் சொல்கிறாள், எண்ணுவதை ஆங்கிலத்தில் எண்ணுகிறாள். கண்டிக்கலாம் என்றால், என் விண்ணப்பப் படிவங்களில் பாதியை நிரப்புவதே அவள்தான். கைக்கு உதவுகிற பிள்ளையை எந்த வாயால் திட்டுவது?

ஆனால் அதிகாரி சிரித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் கெடுத்துவிட்டேன் என்று நானே மூன்று வாரம் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதை எழுதவேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

2

நான் கோயம்புத்தூர்க்காரி. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தேன். மாப்பிள்ளை மலேசியா, பஸ் கம்பெனியில் மெக்கானிக், நல்ல குடும்பம் என்று கட்டிக்கொடுத்தார்கள். எல்லாம் உண்மைதான். மலேசியா என்றதும் உயரமான கட்டடங்களை நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு வாய்த்தது செம்மண் சாலையும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். பிறகு டவுனில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி ஒரு சீனர். இங்கே முதலாளியைத் தவுக்கே என்பார்கள். இந்த நாட்டுக்காரரின் மனைவி என்பதால் எனக்குத் தங்க ஓர் அனுமதி உண்டு. வேலை செய்ய இன்னொரு அனுமதி வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் தவுக்கே ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அவர் போடாவிட்டால் நான் மறுபடி வீட்டில் உட்கார்ந்து மீன் கழுவவேண்டியதுதான். மீன் கழுவுவது கேவலம் இல்லை. ஆனால் இரண்டு வருடம் கழுவிப் பார்த்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எங்கள் கடை ஏழு தோட்டங்களுக்கு ஒரு புரோகிராம் விற்றிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. அவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். தோட்ட ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர், பழ லோரிகளை நிறுக்கும் எடைமேடையில் ஒரு கம்ப்யூட்டர், நடுவே இருநூறு அடிக்கு ஒரு கம்பி. அந்தக் கம்பி வழியாக இரண்டையும் பேசவைப்பதுதான் புரோகிராமின் வேலை. ஒன்று கொடுக்கும், மற்றது கேட்கும். கொடுப்பது வாயைத் திறக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். கேட்பதுதான் முதலில் பேசவேண்டும்.

வாரம் முழுக்க ஆபீஸ் கொடுக்கும்: எந்தப் பகுதியிலிருந்து எந்த லோரி வருகிறது என்ற பட்டியல். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு இரண்டும் இடம் மாறும். எடைமேடை கொடுக்கும், ஆபீஸ் கேட்டு வாங்கிக்கொள்ளும், அந்த வாரத்து எடைகள் முழுவதையும். மாற்றுவதற்கு இரண்டு பக்கமும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எடைமேடையில் இருக்கும் ரஹிம் தன் பொத்தானை அழுத்திவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

மூன்று வருடம் இப்படி ஓடிக்கொண்டிருந்த புரோகிராமில் நான் கைவைத்தேன். வேகத்தைக் கூட்டினேன், திரையை அழகாக்கினேன். கோயம்புத்தூர்க்காரிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. புதிய பதிப்பை முதன்முதலில் லாபு பக்கம் இருந்த ஒரு தோட்டத்தில் ஒரு திங்கட்கிழமை ஏற்றிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்குத் தொலைபேசி அடித்தது.

3

பேசியது லெட்சுமி அக்கா, அந்த ஆபீசின் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. நாற்பது வயது இருக்கும். தட்டச்சு இயந்திரக் காலத்திலிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர். ஆளைப் பார்த்ததும், பசியாறிட்டியா என்று கேட்டு, இல்லை என்றால் காகிதத்தில் மடித்த நாசி லெமாக்கை, அதாவது தேங்காய்ப்பால் சோற்றை, நீட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று பசியாறியதைக் கேட்காமலே, கம்ப்யூட்டர் மரம் மாதிரி நிற்கிறது என்றார்.

கணவரின் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன். போனதும் எந்த மெக்கானிக்கும் செய்வதைத்தான் நானும் செய்தேன், அணைத்துவிட்டுப் போட்டேன். இரண்டு கம்ப்யூட்டரும் சமர்த்தாகப் பேசிக்கொண்டன. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். ஏதோ சின்னத் தடங்கல் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளி மறுபடி அதே பன்னிரண்டே காலுக்கு அழைப்பு. இந்த முறை கம்பியின் மேல் பழியைப் போட்டேன். எலி கடித்திருக்கும் என்று புதுக் கம்பி இழுத்தேன். கம்பி மாற்ற அணைக்கவேண்டுமே, அணைத்துவிட்டுப் போட்டேன். ஓடியது. எலி கடித்த தடம் பழைய கம்பியில் எங்கும் இல்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். நூற்றுக்கு நூறு சரியாக ஓடியது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் நான் அணைத்துப் போடுகிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டிலும் இதே பேச்சுதான். கணவர், இதற்குப் பஸ் எஞ்சினே மேல், புகை வந்தாலாவது தெரியும் என்றார்.

அதற்குள் தோட்டத்து மேனேஜரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. அவர் கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்தவர். அவரும் தமிழர்தான்; ஆனால் ஆபீசில் ஆங்கிலம் மட்டும். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் தொரை. கடிதத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி. தவறு புரோகிராமிலா, இயக்குகிறவரிடமா? இயக்குகிறவரிடம் என்றால் சொல்லுங்கள், அவரை நாற்றுப் பண்ணைக்கு மாற்றிவிட்டு, படித்த வேறொருவரை உட்காரவைக்கிறேன்.

தவுக்கே அந்தக் கடிதத்தை என் முன்னால் வைத்தார். அவருடைய மேசையில் என் அனுமதிக் கடிதமும் கையெழுத்து இல்லாமல் கிடந்தது. இயக்குகிறவர் என்று எழுதிவிடு என்று மலாயில் சாதாரணமாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட புரோகிராம் விற்கிறவர் என்ற பெயர் வந்தால் ஏழு தோட்டமும் போய்விடும் என்ற பயம் அவருக்கு. வெள்ளிக்கிழமை போய் முடித்துவிட்டு வா, பிறகு இதில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

4

நான் வியாழக்கிழமையே போனேன். தோற்றுப்போனதாக மனதுக்குள் ஒப்புக்கொண்டு, என் புதிய பதிப்பை எடுத்துவிட்டு, மூன்று வருடம் ஓடிய பழைய பதிப்பையே திரும்ப ஏற்றினேன். மறுநாள் காலையில் மறுபடி போய், ஒரு நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எதையும் தொடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ரஹிம் ஜன்னலில் தலைநீட்டி, "அக்கா, நான் அமுக்கிட்டேன், பள்ளிவாசலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு மோட்டாரை உதைத்தார். அவருடைய தோட்டத் தமிழ் என் தமிழைவிட இந்த ஊருக்குப் பொருந்தும். லெட்சுமி அக்கா தன் பொத்தானை அழுத்தினார்.

நின்றுவிட்டது. பழைய பதிப்பு. மூன்று வருடம் ஒரு நாள்கூட நிற்காத பதிப்பு.

வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு வந்தது சந்தோஷம். நான் கெடுக்கவில்லை. அந்தத் தவறு எனக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை நாள் ஏன் நிற்கவில்லை? புரோகிராம் மாறவில்லை, கம்பி மாறவில்லை. மாறியது வேறு ஏதோ. இரண்டு வெள்ளிக்கிழமையும் அக்காவிடம், எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டிருந்தேன். ஒன்றும் மாற்றவில்லை என்றுதான் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் திரையின் கீழ்விளிம்பைப் பார்த்தேன். பிளாஸ்டிக் மூடி சேரும் இடுக்கில் சிவப்பாக ஒரு கோடு. விரலால் தொட்டேன். குங்குமம். பக்கத்தில் காய்ந்துபோன சந்தனம்.

அக்கா என் விரலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும் 'லா'வோடு சொன்னார்:

"வெள்ளிக்கிழமை ராகுகாலம் முடிஞ்சதும் பூசை போடுவேன்லா. பன்னெண்டு மணிக்கு. ஈரத்துணியால தொடச்சி, பொட்டு வச்சி, சூடம் காட்டுவேன். ஈரத்துணி படுறப்ப கரண்டு இருந்தா என்னா ஆவுறது? அதனால அணைச்சிட்டுத்தான் தொடைப்பேன். புதுத் தொரை வந்து, ஆபீசுல சூடம் கொளுத்தக்கூடாதுன்னிட்டாரு. நிறுத்திட்டேன்."

எந்த வாரம் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். நீ புதுசு ஏத்திட்டுப் போனியே, அந்த வாரம்தான் என்றார்.

இதை ஏன் அக்கா முன்னமே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீ கம்ப்யூட்டரைப் பத்தித்தானே கேட்டே என்றார். அது சரிதான். எங்கள் வீட்டில் என் அப்பா ஆயுத பூஜைக்கு முதல்நாள் கிரைண்டரை அணைத்துத்தான் துடைப்பார். அதை யாராவது கிரைண்டர் பராமரிப்பு என்று சொல்வார்களா? கேட்கத் தெரியாதவள் நான்தான்.

5

காரணம் தெரிந்த பிறகு தவறைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கொடுப்பவராக இருந்த கம்ப்யூட்டரைக் கேட்பவராக மாறு என்றால், அது மாறிவிட்டதாகச் சொல்லும். திரையில்கூட அப்படித்தான் எழுதும். ஆனால் உள்ளே பழைய வேலையை விடாது. பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தப் பக்கம் எடைமேடையும் காத்திருக்கும். இரண்டு பேரும், நீ முதலில் பேசு என்று உட்கார்ந்திருந்தால் வீடு எப்படி நடக்கும்? அணைத்துப் போட்டால் மட்டும் பழைய வேலை மறந்துபோகும். எடைமேடையை ரஹிம் தினமும் மாலையில் அணைத்துவிடுவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. லெட்சுமி அக்கா வாரம் தவறாமல் அதை மறக்கடித்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டரை என்ன குறை சொல்வது? நான் வந்து இத்தனை வருடம் ஆகிறது. இங்கே மருமகள், அம்மா, சம்பளக்காரி என்று எத்தனையோ ஆகிவிட்டேன். படிவங்களில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தால் இன்னமும் கோயம்புத்தூர் சாய்பாபா காலனி வீட்டின் கடைசிப் பெண்ணாகத்தான் ஓடுகிறேன். கவிதா என்னைப் போல ஒரு காதை அங்கேயும் ஒரு காதை இங்கேயும் வைத்துக்கொண்டு திண்டாடவில்லை. அவளுக்கு ஒரே ஊர்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் வருத்தம், இரண்டும் உண்டு.

தவறைத் திருத்த இரண்டு வரிதான் தேவைப்பட்டது. வேலை மாறும்போது முதலில் பழையதை விடு என்று எழுதவேண்டும், அவ்வளவுதான். என் புதிய பதிப்பில் அதைச் சேர்க்கப் போகும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி பண்ணிட்டா இனிமே அணைக்கவே வேண்டியதில்லையா?"

வேண்டியதில்லை என்றேன்.

"அப்ப சரி பண்ணாதலா. வாரம் ஒருக்கா அணைச்சித் தொடைக்கணும்னு தொரைகிட்ட எழுதிக் குடுத்துரு. நான் பாத்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளரை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அந்த ஆபீசில் எத்தனை மணிக்கு வரவேண்டும், எதை எழுதவேண்டும், எங்கே கையெழுத்து வாங்கவேண்டும் என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானித்தார்கள். வெள்ளிக்கிழமைப் பூசையின் அந்தப் பத்து நிமிடம் மட்டும் அவருடையது. அது எனக்குப் புரிந்தது. இருந்தாலும் தெரிந்தே ஒரு தவறை உள்ளே விட்டுவிட்டுப் போக என் கை வரவில்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருத்தினேன். அணைக்காமல் பதினொரு முறை மாற்றிப் பார்த்தோம். பதினொரு முறையும் பேசின. ரஹிம் தொழுகை முடிந்து வந்து, அவருடைய பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு முறை மாற்றிப் பார்த்தார்.

அடுத்தது அறிக்கை. தவறு புரோகிராமிலா, இயக்குகிறவரிடமா?

இயக்குகிறவர் என்று எழுதினால் என் கடிதத்தில் கையெழுத்து விழும், அக்கா நாற்றுப் பண்ணைக்குப் போவார். புரோகிராம் என்று எழுதினால் எங்கள் கடை மூன்று வருடமாகக் குறையுள்ள பொருளை விற்றிருக்கிறது என்று நானே கைப்பட எழுதிக் கொடுத்தது ஆகும். தவுக்கேயின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மீன் சட்டியும் வந்தது. பயமாகத்தான் இருந்தது. வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் எதிரே அக்கா எனக்காகத் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்ய?

அக்காவின் தட்டச்சு இயந்திரத்திலேயே என் பாலிடெக்னிக் ஆங்கிலத்தில் அடித்தேன். தவறு புரோகிராமில், ஆரம்பத்திலிருந்தே. மூன்று வருடம் அது வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம் இயக்குகிறவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கம்ப்யூட்டரை அணைத்துச் சுத்தம் செய்து பூஜை செய்தது. அதை நிறுத்தச் சொன்ன வாரம் தவறு வெளிப்பட்டது. இப்போது திருத்தப்பட்டுவிட்டது.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். கம்ப்யூட்டருக்குப் பூஜை தேவை என்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை சார், அதற்குத் தேவை அணைப்பதுதான், அது பூஜையால் நடந்துகொண்டிருந்தது என்றேன். அப்படியானால் மூன்று வருடமாக இது ஏன் ஓடுகிறது என்று இந்தத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாதா என்றார். எங்கள் கடையிலும் யாருக்கும் தெரியாது சார் என்றேன். அவர் அறிக்கையை மேசையில் வைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து அந்த ஆபீஸ் பார்த்ததில்லை. அக்கா பயந்து எழுந்து நின்றுவிட்டார். நாற்றுப் பண்ணைப் பேச்சு அத்தோடு முடிந்தது. காகிதங்கள் இருக்கும் இடத்தில் நெருப்பு மட்டும் கூடாது, சூடத்தை வாசலில் காட்டிக்கொள்ளட்டும் என்று சொன்னார், அதுவும் தமிழில்.

6

அறிக்கையின் நகலைத் தவுக்கேயிடம் கொடுத்துவிட்டு நின்றேன். அவர் படித்த வேகத்தில் நான் ஒரு சுந்தரகாண்டமே முடித்திருக்கலாம். முகம் சுருங்கியது. என் அனுமதிக் கடிதத்தை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டார். இதே புரோகிராம் இன்னும் ஆறு தோட்டத்தில் இருக்கிறது, உன்னை அனுப்பிவிட்டால் அங்கே எல்லாம் யார் போய்ச் சரிசெய்வது என்று மலாயில் கேட்டார். நன்றி சொன்னேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் லோரிக்காரனோடு சண்டை போடப் போய்விட்டார்.

ஆறு தோட்டங்களுக்கும் போனேன். இரண்டில் ஜெனரேட்டர் மின்சாரம். சரியாகப் பன்னிரண்டுக்கு நிறுத்திவிட்டுத்தான் மறுபடி போடுகிறார்கள். சி ரூசா கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஒன்று, அங்கே கிராணி வெள்ளி மதியம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய், மூன்று மணிக்கு ஈரத் தலையோடு வருவார். எங்கே குளித்தார் என்று நான் கேட்கவில்லை. மீதி மூன்றில், திரையின் கீழ்விளிம்பைத் தடவிப் பார்த்தேன். மூன்றிலும் குங்குமம்.

ஒரு மாதம் கழித்து லாபு தோட்டத்துக்கு வேறு வேலையாக மறுபடி போனேன். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணி. லெட்சுமி அக்கா வாசலில் சூடம் காட்டிவிட்டு உள்ளே வந்து, கம்ப்யூட்டரை அணைத்து, ஈரத்துணியால் மூலைமுடுக்கு விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ரஹிம் தொழுகைக்குப் போக மோட்டாரை எடுத்துக்கொண்டிருந்தார். நான் அக்காவிடம், இனி இது தேவையே இல்லை அக்கா, அணைக்காமலே ஓடும் என்று மறுபடியும் விளக்கினேன்.

அவர் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்:

"தெரியும்லா. அதுக்குத் தேவையில்ல. எனக்குத் தேவை."

துணியின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். விசைப்பலகையை நான் துடைத்தேன்.